பதிப்பாகும் குரல்: மறைவுக்குப் பின் வெளிவரும் ஹிப் ஹாப் இசைத்தொகுப்புகளும் தமிழ்ப் பதிப்பு மரபும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு கலைஞர் வெளியிடாது விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளைக் கொண்டு அவரது இறப்புக்குப் பின் இசைத்தொகுப்பு உருவாக்குவது ஹிப் ஹாப் இசையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நிலைபெற்றுள்ள வழக்கமாகும். இத்தொகுப்புகள் இறந்தவரின் படைப்புகளாகவே விற்கப்படுகின்றன, கேட்கப்படுகின்றன. எனினும், அவற்றின் தேர்வு, வரிசை, பின்னணி இசை, உடன்பாடுவோர் ஆகியவற்றை முடிவு செய்வோர் பிறராவர். எனவே இத்தொகுப்பை ஒரு 'பதிப்பு' என்றே கொள்ளவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். டூபாக் ஷக்கூர், மேக் மில்லர், சித்து மூசேவாலா ஆகியோரின் தொகுப்புகளும் பாடல்களும், தமிழ்த் திரையிசையில் மறைந்தோர் குரல் பயன்பட்ட நிகழ்வுகளும் இங்கு முதன்மைத் தரவுகளாகின்றன. தமிழ்ச் சுவடிப் பதிப்பு மரபு வகுத்துக்கொண்ட நெறிகள் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஹிப் ஹாப், சொல்லிசை, வெளியிடப்படாத ஒலிப்பதிவு, பதிப்பு, இடைச்செருகல், நிகழ்த்துநர் உரிமை, செயற்கை நுண்ணறிவு.

முன்னுரை

கம்பராமாயணம் திருவரங்கத்தில் அரங்கேறியது என்பது தமிழ் மரபு. அரங்கேற்றம் பற்றிய கதைகளின் வரலாற்று உண்மை எவ்வாறிருப்பினும், அவ்வழக்கம் உணர்த்தும் கருத்து தெளிவானது. நூலாசிரியர் அவைமுன் தாமே நிற்கிறார். தம் நூலைத் தாமே வெளிப்படுத்துகிறார். தடை எழுந்தால் தாமே விடை கூறுகிறார். 'இது என் நூல். இந்த வடிவில் இதை உலகிற்குத் தருகிறேன்' என்னும் ஒப்புதல் அரங்கேற்றத்தில் அடங்கியுள்ளது.

மறைவுக்குப் பின் வெளிவரும் இசைத்தொகுப்பு என்பது ஆசிரியர் இல்லாத அரங்கேற்றம். அவரது குரல் அவையில் ஒலிக்கிறது. அவரிடம் வினா எழுப்ப இயலாது. இந்நிலை ஹிப் ஹாப் இசைக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் பிற இசை வகைகளைவிட ஹிப் ஹாப்பில் இது மிகுதியாக நிகழ்வதற்குத் தொழில்நுட்பம், தொழில் அமைப்பு ஆகிய இரு காரணங்கள் உள்ளன. அவற்றை முதலில் விளக்கி, பின்னர் இத்தொகுப்புகள் எழுப்பும் ஆசிரியத்துவச் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது. இச்சிக்கல் சுவைஞர்களின் விருப்பு வெறுப்போடு முடிவதன்று. இறந்த ஒருவர் எதைக் கூறினார், எதைக் கூறவில்லை என்பதற்கு நாளைய ஆய்வாளரிடம் எஞ்சும் சான்று இவ்வொலிப்பதிவுகளே.

1. பிரிக்க இயலாத குரலும் பிரித்தெடுக்கக்கூடிய குரலும்

திருச்சிராப்பள்ளியில் வளர்ந்து, அங்கேயே தம் இசைவாழ்வைத் தொடங்கிய எம்.கே. தியாகராஜ பாகவதர் 1959 நவம்பர் 1 அன்று மறைந்தார். அவர் நடித்த 'சிவகாமி' திரைப்படம் 1960இல், அவர் இறந்தபின் வெளியானது. தமிழ் மக்கள் மறைந்த ஒருவரின் குரலைப் புதிய வெளியீடாகக் கேட்ட தொடக்ககால நிகழ்வுகளுள் இது ஒன்று. எனினும், அப்படத்தில் ஒலித்த குரலைப் பிறர் எடுத்து வேறோர் இசையில் பொருத்தியிருக்க இயலாது. அக்காலப் பதிவுமுறையில் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் ஒருங்கே இசைத்தனர். குரலும் இசையும் ஒரே தடத்தில் பதிவாயின. முடிந்த பதிவை வெளியிடலாம் அல்லது வெளியிடாமல் விடலாம். குரலை மட்டும் தனியே பிரிக்க வழியில்லை.

பல்தட ஒலிப்பதிவு இந்நிலையை மாற்றியது. குரல் ஒரு தடத்திலும் ஒவ்வொரு கருவியும் தனித்தனித் தடத்திலும் பதிவாகத் தொடங்கியபின், குரலை மட்டும் எடுத்து வேறு இசையோடு சேர்ப்பது எளிதாயிற்று. ஹிப் ஹாப்பின் ஆக்கமுறை இதற்கு மேலும் இடந்தருகிறது. சொல்லிசைக் கலைஞர் பெரும்பாலும் முன்னரே அமைக்கப்பட்ட தாளப்பின்னணியின்மீது தம் வரிகளைச் சொல்கிறார். பதினாறு தாளச்சுற்றுகள் கொண்ட பகுதி ஓர் அலகாக அமைவது பொதுவழக்கு. சொல்லிசையில் இராகத்தைவிடத் தாளமும் சொல்லோட்டமும் முதன்மை பெறுவதால், ஒரு தாளப்பின்னணிக்குச் சொன்ன பகுதியை அதே வேகத்தில் அமைந்த வேறொன்றின்மீது வைத்தாலும் பொருந்திவிடுகிறது.

இரண்டாவது காரணம் தொழில் அமைப்பு சார்ந்தது. திரைப்பாடகர் ஒரு குறிப்பிட்ட படத்திற்காக அழைக்கப்படுகிறார், பாடுகிறார், பதிவு தயாரிப்பாளரிடமோ இசை நிறுவனத்திடமோ சேர்கிறது. பாடகரின் கையில் வெளியிடப்படாத பாடல்களின் சேமிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. சொல்லிசைக் கலைஞரோ தாமே எழுதுகிறார். தாமே பதிவு செய்கிறார். நாள்தோறும் பதிவு செய்பவர்களும் உண்டு. முடிந்தவை, பாதியில் நின்றவை, நண்பர் பாடலுக்காகச் சொன்ன ஒரு பகுதி, வெறும் முயற்சி என எல்லாமே வன்தட்டில் தங்கிவிடுகின்றன. அவர் இளமையிலேயே இறக்க நேர்ந்தால் அச்சேமிப்பு ஒரு சுவடிக்கட்டாக எஞ்சுகிறது.

2. சுவடிக்கட்டும் பதிப்பாசிரியரும்

சுவடிக்கட்டு என்னும் ஒப்புமை இங்கு அணிக்காகக் கூறப்படுவதன்று. முற்றுப்பெறாத, சிதைந்த, பலர் கைப்பட்ட மூலங்களிலிருந்து ஒரு நூலை வெளிக்கொணர்வது எவ்வாறு என்னும் வினாவைத் தமிழ்ப் புலமை உலகம் 19ஆம் நூற்றாண்டிலேயே எதிர்கொண்டது. சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் முதலியோரின் பதிப்புப் பணியில் இதற்கான நெறிகள் உருப்பெற்றன. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, தமக்குக் கிடைத்த பிரதிகளையும் அவற்றை உதவியோரையும் முகவுரையில் குறித்தார், பாடவேறுபாடுகளைக் காட்டினார். ஏடு சிதைந்த இடத்தில் தம் சொல்லை இட்டு நிரப்பாமல் புள்ளியிட்டார். புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்கள் இன்றும் வெற்றிடமாகவே நிற்கின்றன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லாமலே அந்நூல் பயிலப்படுகிறது.

கம்பராமாயணப் பதிப்புகளில் ஐயத்திற்குரிய செய்யுள்கள் மிகைப்பாடல்கள் எனத் தனியே அச்சிடப்பட்டன. வெள்ளியம்பலத் தம்பிரான் இயற்றிச் சேர்த்தவை என்னும் வழக்கையொட்டி 'வெள்ளிப் பாடல்கள்' என்றும் அத்தகையவை சுட்டப்படுகின்றன. அவை அழிக்கப்படவில்லை, மூலத்தோடு கலக்கவும் விடப்படவில்லை.

முற்றுப்பெறாத உரைநடை நூல்களுக்கும் தமிழில் இருவேறு முன்மாதிரிகள் உள்ளன. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1942இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறவில்லை; நின்ற இடத்திலேயே நூலாக வந்தது. பிற்காலச் செய்திகளை அவர் மாணவர் கி.வா. ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' என்னும் தனி நூலாகத் தம் பெயரில் எழுதினார். கல்கி 1954இல் மறைந்தபோது 'அமரதாரா' புதினம் இடையில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதனை நிறைவு செய்தார். முதலாவது, இடைவெளியை இடைவெளியாகவே விடுதல். இரண்டாவது, நிரப்பியவர் யார் என்பதை மறைக்காமல் நிரப்புதல். மூலத்தின் எல்லை எது என்பதை இரண்டிலும் வாசகர் அறிவார். இவ்வளவுகோலைக் கொண்டு இனி ஹிப் ஹாப் தொகுப்புகளை நோக்கலாம்.

3. டூபாக் ஷக்கூர்: இடைச்செருகலின் வரலாறு

அமெரிக்கச் சொல்லிசைக் கலைஞர் டூபாக் ஷக்கூர் 1996 செப்டம்பர் 13 அன்று, தம் 25ஆம் வயதில், துப்பாக்கிக் குண்டுக் காயங்களால் இறந்தார். 1991 முதல் 1996 வரை அவர் வாழ்நாளில் வெளிவந்த தனி இசைத்தொகுப்புகள் நான்கு. 1996 நவம்பர் முதல் 2006 வரை அவர் பெயரில் வெளிவந்தவை ஆறு. ஒரு கலைஞரின் படைப்புப் பட்டியலில் பெரும்பகுதி அவர் இறப்புக்குப் பிற்பட்டதாக அமைந்தமைக்கு இது தெளிவான சான்று.

இவ்வாறும் ஒரே தன்மையன அல்ல. 1996 நவம்பரில் வந்த முதற்றொகுப்பு அவராலேயே முடிக்கப்பட்டது. வெளியீடு மட்டுமே இறப்புக்குப் பின் நிகழ்ந்தது. 1997இல் வந்த 'ஆர் யூ ஸ்டில் டவுன்?' என்பது 1992 முதல் 1994 வரையிலான வெளியிடப்படாத பதிவுகளிலிருந்து உருவானது. அவர் தாயார் அஃபேனி ஷக்கூர் தொடங்கிய அமாரு நிறுவனத்தின் முதல் வெளியீடு இதுவே. பதிவுநாடாக்களின் உரிமைக்காக அவர் பழைய இசை நிறுவனத்தோடு போராடவேண்டியிருந்தது. எனவே இத்தொகுப்பின் தோற்றத்தில் அழகியல் முடிவுக்கு முன்னதாக ஓர் உடைமை வழக்கு நிற்கிறது.

2004இல் எமினெம் தயாரித்த 'லாயல் டு த கேம்' மூன்றாம் வகையைச் சார்ந்தது. இங்குப் பழைய குரற்பதிவுகள் முற்றிலும் புதிய இசையின்மீது வைக்கப்பட்டன. இசைக்கேற்பக் குரலின் வேகமும் சுருதியும் மாற்றப்பட்டன. மேலும், ஒலித்துண்டுகளை வெட்டி ஒட்டி, 1996க்குப் பின்னரே இசையுலகில் அறியப்பட்ட பெயர்களை ஷக்கூர் உச்சரிப்பதுபோல் அமைத்தனர். அத்தொகுப்பு வெளியான ஆண்டையே அவர் கூறுவதாகவும் ஓரிடம் அமைந்தது. தமிழ்ப் பதிப்பியல் இதனை இடைச்செருகல் என்னும். சுவடியில் செருகப்பட்ட செய்யுளை நடை, யாப்பு, சொல்லாட்சி ஆகியவற்றால் ஐயுற்று அறிய இயலும். இங்கோ செருகப்பட்ட சொல்லும் அவர் குரலிலேயே ஒலிக்கிறது. இவ்விடத்தில் காலமுரண் வெளிப்படையாக இருப்பதால் பிழை தெரிகிறது. காலமுரண் இல்லாத ஒரு சொல் இவ்வாறு செருகப்பட்டிருப்பின் அதனைக் கேட்போர் கண்டறிய வழியில்லை.

இதன் மறுதலையாக அமைவது மேக் மில்லரின் 'சர்க்கிள்ஸ்'. அவர் 2018 செப்டம்பர் 7 அன்று மறைந்தார். அப்போது அவரோடு பணியாற்றிவந்த இசையமைப்பாளர் ஜான் பிரையன் அத்தொகுப்பை நிறைவு செய்தார். அது 2020 ஜனவரி 17 அன்று வெளியானது. முன்னதாக அவர் குடும்பத்தார் ஓர் அறிவிப்பு வெளியிட்டனர். இத்தொகுப்பை மில்லர் தம் முந்தைய தொகுப்பிற்கு இணையாகத் திட்டமிட்டிருந்தார் என்பதும், நிறைவு செய்தவர் யார் என்பதும் அதில் கூறப்பட்டன. சுருக்கமேயாயினும் அது ஒரு பதிப்புரையின் பணியைச் செய்தது.

மூலம் யார் கையில் இருக்கிறது என்னும் வினாவிற்குக் கேங் ஸ்டார் இணையரின் வரலாறு நல்ல சான்று. அவ்விணையருள் சொல்லிசைஞரான குரு 2010இல் மறைந்தார். அவரது பிற்காலக் குரற்பதிவுகள் வேறொரு தயாரிப்பாளரிடம் இருந்தன. இணையரின் மற்றொருவரான டி.ஜே. பிரீமியர் அவற்றை விலைகொடுத்துப் பெற்ற பின்னரே 2019இல் கேங் ஸ்டார் பெயரில் தொகுப்பு வெளிவந்தது. வேறொருவரோடு பணியாற்றிய காலத்துக் குரல், பழைய நண்பரின் இசையில் சேர்ந்து, பழைய பெயரை மீண்டும் பெற்றது. கேட்போர் பலர் இதனை மனநிறைவான மீள்சேர்க்கையாகக் கொண்டனர். வரலாற்று நோக்கில், அக்குரல் எச்சூழலில் பிறந்தது என்பதும் இத்தொகுப்பின் செய்தியில் ஒரு பகுதியே.

இவ்வழக்கத்திற்குக் கலைஞர்களிடமிருந்தே மறுப்பும் எழுந்தது. அமெரிக்கக் கலைஞர் ஆண்டர்சன் பாக் 2021இல், தாம் இறந்தபின் தம் பெயரில் எத்தொகுப்பையும் வெளியிடவேண்டா என்னும் வேண்டுகோளைத் தம் கையிலேயே பச்சைகுத்திக்கொண்டார். முயற்சிப் பதிவுகள் பொதுமக்கள் கேட்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது அவர் கருத்து. முடிவுறாப் பதிவை வெளியிடாமல் விடுவதும் ஒரு படைப்பு முடிவே என்பதை இது நினைவூட்டுகிறது.

4. சித்து மூசேவாலா: இறந்தவரின் அரசியல் குரல்

இந்தியாவில் இச்சிக்கல் முழுவடிவில் வெளிப்பட்டது பஞ்சாபியக் கலைஞர் சித்து மூசேவாலாவின் மறைவுக்குப் பின்னரே. சுப்தீப் சிங் சித்து என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1993 ஜூன் 11 அன்று பிறந்தார். 2022 மே 29 அன்று பஞ்சாபின் மான்சா மாவட்டத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த சில நாள்களிலேயே அவரது சமூக ஊடகப் பக்கத்தில் ஒரு வேண்டுகோள் வெளியானது. அவரோடு பணியாற்றிய தயாரிப்பாளர்கள், முடிந்ததாயினும் முடியாததாயினும் எப்பதிவையும் வெளியிடவோ பகிரவோ கூடாது. ஜூன் 8 அன்று நிகழும் இறுதி வழிபாட்டுக்குப் பின் அனைத்தையும் அவர் தந்தையிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது அதன் செய்தி. சிதறிக் கிடந்த பதிவுகளை ஓரிடத்தில் திரட்டும் இம்முயற்சி, சுவடி தேடிய பதிப்பாசிரியர்களின் முதற்பணியை ஒத்தது.

2022 ஜூன் 23 அன்று வெளியான 'எஸ்.ஒய்.எல்.' மறைவுக்குப் பின் வந்த முதற்பாடல். சட்லெஜ் - யமுனை இணைப்புக் கால்வாயே அதன் தலைப்பு. பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் இடையே பல பத்தாண்டுகளாகத் தொடரும் நீர்ப்பங்கீட்டுச் சிக்கல் அது. காவிரிக் கரையில் வாழ்வோர்க்கு அதன் உணர்வெல்லையை விளக்கவேண்டியதில்லை. சீக்கியச் சிறைக்கைதிகள் பற்றிய குரலும் அப்பாடலில் உண்டு. வெளியான சில நாள்களில் அரசின் சட்டமுறைப் புகாரையடுத்து அப்பாடல் இந்தியாவில் யூடியூப் தளத்திலிருந்து நீக்கப்பட்டது.

இந்நிகழ்வில் ஆய்வுக்குரிய இடம் ஒன்றுள்ளது. அரசியல் கருத்தொன்றை உயிரோடிருப்பவர் வெளியிட்டால், வெளியிடும் நாளையும் சூழலையும் அவரே தேர்கிறார். விளைவை அவரே ஏற்கிறார். இங்கு வரிகள் மூசேவாலாவுடையவை. வெளியிடும் முடிவு பிறருடையது. கொலையால் மாநிலமே கொதித்திருந்த சூழலில் அவ்வரிகள் பெற்ற பொருள், அவர் அவற்றைப் பதிவுசெய்த நாளில் இருந்த பொருளாக இருக்க இயலாது. ஆகவே 'எஸ்.ஒய்.எல்.' பாடலுக்கு இரண்டு காலங்கள் உண்டு: பதிவின் காலம், வெளியீட்டின் காலம். ஒன்றை மட்டும் கொண்டு அதனை வாசிப்பது குறையுடைய வாசிப்பாகும்.

குடும்பத்தின் காப்பாளர் உரிமை நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டது. இசையமைப்பாளர் சலீம் மெர்ச்சன்ட், 2021இல் மூசேவாலாவுடன் பதிவு செய்ததாகக் கூறிய 'ஜாந்தி வார்' என்னும் பாடலை 2022 செப்டம்பர் தொடக்கத்தில் வெளியிட அறிவித்திருந்தார். பெற்றோரின் மனுவை ஏற்று மான்சா நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. உடன் படைத்தவரின் கோரிக்கையும் குடும்பத்தின் கோரிக்கையும் மோதியபோது, நீதிமன்றம் முதற்கட்டத்தில் வெளியீட்டை நிறுத்திவைத்தது.

பின்னர் 2022 நவம்பரில் 'வார்', 2023 ஏப்ரலில் நைஜீரியக் கலைஞர் பர்னா பாயுடன் 'மேரா நா' எனப் பாடல்கள் இடைவெளி விட்டு வந்தன. 2025 ஜூன் 11 அன்று, அவர் பிறந்தநாளில், மூன்று பாடல்கள் கொண்ட 'மூஸ் பிரிண்ட்' என்னும் சிறுதொகுப்பு வெளியானது. நினைவுநாளும் பிறந்தநாளும் வெளியீட்டு நாள்களாகும்போது இசைவெளியீடு நினைவுச்சடங்கின் தன்மையைப் பெறுகிறது. அமெரிக்க எடுத்துக்காட்டுகளில் இசை நிறுவனமும் தயாரிப்பாளரும் முன்னிற்க, இங்குப் பெற்றோரே பதிப்பாசிரியர் இடத்தில் நிற்பது குறிப்பிடத்தக்க வேறுபாடு. மகனின் சொல்லைத் தொடர்ந்து ஒலிக்கச் செய்வது நீதிக்கான அவர்களின் கோரிக்கையோடு இணைந்தே செல்கிறது.

5. சட்டத்தில் சொல்லும் குரலும்

இறந்த படைப்பாளியின் உரிமை யாருக்கு என்னும் விவாதம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. பாரதியார் 1921இல் மறைந்தபின் அவர் நூல்களின் உரிமை கைமாறியது. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் விலைகொடுத்துப் பெற்றிருந்தார். மக்கள் கோரிக்கை வலுத்ததையடுத்து 1949இல் அரசு உரிமைகளைப் பெற்று, பின்னர்ப் பொதுவுடைமையாக்கியது. அவ்விவாதம் முழுவதும் பாரதியின் சொல்லைப் பற்றியது. அவர் குரலின் உடைமை பற்றிய வினா அப்போது எழ வாய்ப்பில்லை.

சொல்லிசைக் கலைஞரிடம் சொல்லும் குரலும் ஒருவருடையவையே. சட்டமோ இரண்டையும் வெவ்வேறாக நடத்துகிறது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியர் இறந்தபின் முதன்முதலாக வெளியாகும் இலக்கிய, இசைப் படைப்புகளுக்கு வெளியான ஆண்டை அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை வழங்குகிறது. வாழ்நாளில் வெளியானவற்றுக்கு இக்கணக்கு இறப்பிலிருந்து தொடங்கும். இதன்படி 2022இல் இறந்த ஒருவர் வாழ்நாளில் வெளியிட்ட வரிகளின் உரிமை 2082இல் முடிய, அவர் வரிகளுள் 2025இல் முதன்முதல் வெளியானவற்றின் உரிமை 2085 வரை நீளும். வெளியிடாமல் வைத்திருப்பதன் பொருளியல் மதிப்பு இதனால் உயர்கிறது.

57ஆம் பிரிவு ஆசிரியரின் சிறப்புரிமையைக் காக்கிறது. படைப்பைச் சிதைப்பதையும் திரிப்பதையும் எதிர்க்கும் இவ்வுரிமையைப் பயன்படுத்தத்தக்கோராக அவருடைய சட்டப்படியான பிரதிநிதிகளையும் அப்பிரிவு சுட்டுகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 38-பி பிரிவின்வழி இதையொத்த உரிமையை நிகழ்த்துநருக்கும் வழங்கியது. ஆனால் அப்பிரிவில் சட்டப்படியான பிரதிநிதிகள் வெளிப்படையாகச் சுட்டப்படவில்லை. ஆக, இறந்த சொல்லிசைஞரின் வரியைத் திரித்தால் வாரிசுகள் தெளிவான சட்டத்துணையோடு எதிர்க்கலாம். வரியை மாற்றாமல் குரலை மட்டும் வேகங்கூட்டியோ வெட்டி ஒட்டியோ திரித்தால் அத்தகைய தெளிவு இல்லை. ஆளுமைசார் உரிமைகளும் இங்கு முழுத்துணை ஆவதில்லை. முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவின் வாழ்வைத் தழுவிய திரைப்படம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல், ஒருவர் ஈட்டிய தனியுரிமையும் புகழும் அவர் இறப்போடு முடிவதாகவும், சொத்தைப் போல அவற்றை வாரிசாகப் பெற இயலாது எனவும் கூறியது.

6. தமிழ்ச் சூழல்: பதிவிலிருந்து மறுஉருவாக்கத்திற்கு

தமிழ்ச் சொல்லிசையின் தொடக்கநிலை அடையாளங்களுள் ஒன்றாக 'காதலன்' (1994) திரைப்படத்தின் 'பேட்டை ராப்' குறிக்கப்படுகிறது. சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள் ஆகியோரோடு அப்பாடலில் இடம்பெற்றவர் சாகுல் ஹமீது. மலேசியாவின் யோகி பி & நட்சத்திரா 2006இல் வெளியிட்ட 'வல்லவன்', ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப் ஹாப் தமிழன்' (2012), அறிவின் 'தெருக்குரல்' (2019) ஆகியன திரைக்கு வெளியே தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்புகளுக்கு வழியமைத்தன.

மறைந்தோர் குரல் தமிழில் இருவேறு நிலைகளில் வெளிப்பட்டுள்ளது. 2020 செப்டம்பர் 25 அன்று மறைந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியம் 'அண்ணாத்த' படத்திற்காகப் பாடிய பாடல் 2021 அக்டோபரில் வெளியானது. பாடல் அவரால் பாடப்பட்டது. வெளியீடு மட்டும் பிற்பட்டது. 'சிவகாமி'யைப் போன்றே இதிலும் ஆசிரியத்துவச் சிக்கல் இல்லை.

2024இல் வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' வேறுநிலையைச் சார்ந்தது. 2022 செப்டம்பரில் மறைந்த பம்பா பாக்யா, அவருக்கும் இருபதாண்டுகளுக்கு மேல் முன்னரே மறைந்துவிட்ட சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவின் துணையோடு உருவாக்கப்பட்டு அதில் ஒலித்தன. குடும்பத்தாரின் ஒப்புதலைப் பெற்றதாகவும் உரிய ஊதியம் வழங்கியதாகவும் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் வெளிப்படையாக அறிவித்தார். அதே ஆண்டில், ஜனவரி 25 அன்று மறைந்த பவதாரிணியின் குரலும் 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தின் பாடலொன்றில் இதே முறையில் இடம்பெற்றது.

ஹிப் ஹாப் தொகுப்புகளோடு ஒப்பிடுகையில் இங்கு ஓர் அடிப்படை வேறுபாடு புலனாகிறது. ஷக்கூரின் குரலை எவ்வளவு வெட்டினாலும் அதன் அடியில் அவர் ஒருநாள் வாய்திறந்து சொன்ன ஒலி உண்டு. 'திமிரி எழுடா'வில் சாகுல் ஹமீது பாடிய நாள் என ஒன்றில்லை. அப்பாடலுக்கு வெளியீட்டுக் காலம் மட்டுமே உண்டு. சுவடிப் பதிப்பின் மொழியில் கூறின், முன்னது சிதைந்த ஏட்டை நிரப்புதல். பின்னது ஏடே இல்லாமல் ஒரு புலவர் நடையில் புதுச்செய்யுள் இயற்றி அவர் பெயரால் வழங்குதல். குடும்பத்தின் ஒப்புதலும் அறிவிப்பும் இச்செயலின் நேர்மையைக் காக்கின்றன. ஆயினும் அவ்வறிவிப்பு பாடலோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் 'பேட்டை ராப்'பையும் 'திமிரி எழுடா'வையும் அடுத்தடுத்துக் கேட்கும் ஒருவர், இரண்டையும் ஒரே பாடகரின் இருவேறு காலப் பாடல்கள் என்றே கொள்ள வாய்ப்புண்டு.

7. ஒலிப்பதிப்புக்கான நெறிகள்

மேற்கண்ட தரவுகளிலிருந்து, மறைவுக்குப் பின் வெளிவரும் தொகுப்பு பின்வரும் செய்திகளைத் தன்னோடு கொண்டிருக்கவேண்டும் எனக் கூறலாம்.

அ. ஒவ்வொரு குரற்பதிவும் எப்போது, எங்கே, எந்த இசைக்காகச் செய்யப்பட்டது என்னும் குறிப்பு.
ஆ. கலைஞர் விட்டுச்சென்ற நிலை: முடிந்தது, பாதி முடிந்தது, முயற்சிப் பதிவு என்னும் பாகுபாடு.
இ. பிற்காலச் சேர்க்கைகள்: புதிய இசை, உடன்பாடியோர், வேகமும் சுருதியும் மாற்றப்பட்ட இடங்கள், செயற்கையாக உருவாக்கப்பட்ட பகுதிகள்.
ஈ. பதிவு யாரிடமிருந்து கிடைத்தது, வெளியிட ஒப்புதல் வழங்கியவர் யார் என்பன.
உ. மாற்றம் செய்யப்படாத மூலக்குரலை ஆய்வுக்குரிய ஆவணகத்தில் பாதுகாத்தல்.

இவற்றுள் முதல் நான்கும் ஒரு பக்க அளவில் அடங்குவன. சாமிநாதையரின் முகவுரைகள் கேட்டறிந்து பதிந்த செய்திகளும் இவையே. ஐந்தாவது நிறுவன ஆதரவை வேண்டுவது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்கள் அச்சு நூல்களோடு இசைத்தட்டுகளையும் பாதுகாத்து வருகின்றன. வன்தட்டிலும் கைப்பேசியிலும் பிறக்கும் இன்றைய குரல்களுக்கு அத்தகைய இடம் இன்னும் பரவலாக அமையவில்லை. பச்சைமலை அடிவாரத்து உப்பிலியபுரத்திலிருந்தும் ஓர் இளைஞர் இன்று கைப்பேசியொன்றைக் கொண்டே சொல்லிசையைப் பதிவு செய்ய இயலும். அப்பதிவு கடவுச்சொல்லோடு பூட்டப்பட்டு, அவரோடு மறைந்துபோகவும் கூடும். முன்னாளில் ஏடுகள் கறையானுக்கும் ஆற்றுவெள்ளத்திற்கும் இரையானதற்கு நிகரான இழப்பு அது. திரட்டுதலும் திருத்தாது காத்தலும் இக்காலப் பதிப்பாசிரியரின் இருபெரும் கடமைகளாகின்றன.

முடிவுரை

வெளியிடப்படாத பதிவுகளால் உருவாகும் ஹிப் ஹாப் தொகுப்பு, இறந்தவரின் இறுதிச் சொல்லாகக் கருதப்படினும், அது ஒரு பதிப்பே என்பது இவ்வாய்வின்வழிப் பெறப்படுகிறது. குரலைத் தனியே பிரிக்க உதவும் பதிவுமுறையும் கலைஞரே சேமிப்பாளராக அமையும் தொழில்முறையும் இவ்வகைத் தொகுப்புகளைப் பெருக்கின. ஷக்கூரின் தொகுப்புகள் இடைச்செருகலின் ஆற்றலையும், 'சர்க்கிள்ஸ்' பதிப்புரையின் பயனையும், மூசேவாலாவின் பாடல்கள் பதிவுக்காலத்திற்கும் வெளியீட்டுக் காலத்திற்கும் இடையே மாறும் பொருளையும் காட்டுகின்றன. இந்தியச் சட்டம் இறந்தவரின் சொல்லுக்குத் தரும் தெளிவான பாதுகாப்பைக் குரலுக்குத் தரவில்லை. தமிழ்த் திரையிசை, மூலப்பதிவே தேவைப்படாத நிலைக்கு நகர்ந்துள்ளதால் இவ்வேறுபாடு உடனடிக் கவனத்திற்குரியதாகிறது.

இரண்டு பாடல்களின் இடம் வெற்றாக இருப்பதால் புறநானூறு தன் மதிப்பை இழக்கவில்லை. எஞ்சிய பாடல்களை ஐயமின்றிப் பயில அவ்வெற்றிடமே துணைநிற்கிறது. மறைந்த கலைஞரின் குரல் நின்ற இடத்தைக் காட்டும் தொகுப்பு, அக்குரல் ஒலிக்கும் இடத்தையும் நம்பத்தக்கதாக்கும்.